ஐந்தடி வாசலுக்கு ஆட்டோமேட்டிக் கதவு: என்ன அளவு கேட்க வேண்டும்?

கேள்வி:
வணக்கம். கிருஷ்ணகிரியில் ஒரு ஸ்கேன் சென்டருக்கான வாசல். அகலம் 5 அடி. முன்னால் மூன்று படி, மொத்தம் 450 மி.மீ உயரம், பாலிஷ் கிரானைட். சக்கர நாற்காலியிலும் வாக்கரிலும் வருகிறவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். சென்சார் வைத்த ஸ்லைடிங் கண்ணாடிக் கதவு போட்டால் போதும் என்கிறார் கான்ட்ராக்டர். சரியா? கரண்ட் போனால் என்ன ஆகும்?

பதில்:
கதவு தானாகத் திறந்தாலும் படி அப்படியேதானே இருக்கும்? முதலில் சாய்தளம். 1:12 சரிவில் (ஒரு பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம்) 450 மி.மீ ஏற 5.4 மீட்டர் வேண்டும், அதாவது சுமார் 18 அடி. பத்தடியில் முடித்தால் சரிவு ஏறக்குறைய 1:7 ஆகிவிடும். தானே உருட்டி வருபவரால் ஏற முடியாது, இறக்கும்போது பின்னால் பிடிப்பவருக்கும் கை நழுவும். நேராக இடமில்லை என்றால் எல் வடிவில் திருப்புங்கள். திருப்பத்திலும் கதவு முன்னாலும் 1500 மி.மீ சதுரம் சமதளமாக இருக்க வேண்டும். சாய்தளத்தின் அகலம் 1200 மி.மீக்குக் குறையக் கூடாது. இரு பக்கமும் 760, 900 மி.மீ உயரங்களில் கைப்பிடி. கல்லுக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை, ஆனால் இதற்குப் பாலிஷ் கல் வேண்டாம். தீயால் சுட்டுச் சொரசொரப்பாக்கிய ஃப்ளேம் ஃபினிஷ் கேளுங்கள்.

பதில்:
கதவில் பலரும் ஏமாறுவது அகலத்தில். 1500 மி.மீ வாசலின் சட்டத்துக்குள்ளேயே பாதி நகராத கண்ணாடி, பாதி நகரும் பலகை என்று போட்டால் ஆள் நுழையக் கிடைப்பது 750க்கும் கீழே. குறைந்தது 900 வேண்டும். பக்கச் சுவரில் எவ்வளவு இடம் இருக்கிறது?

கேள்வி கேட்டவர்:
இடப்பக்கம் 2 அடி இருக்கிறது, வலப்பக்கம் தூண் சார்.

பதில்:
அது போதும். கதவு ஓடும் டிராக்கை உள்பக்கச் சுவரில் 2.1 மீட்டருக்கு ஓட்டுங்கள். இடது ஓரம் 475 மி.மீ நகராத கண்ணாடி, நகரும் பலகை 1075. திறந்தால் பலகை நகராத கண்ணாடியையும் அந்த இரண்டடிச் சுவரையும் மறைத்து நிற்கும், வழி சுமார் 1000 மி.மீ கிடைக்கும். கொட்டேஷனில் 'கிளியர் ஓப்பனிங்' எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். 12 மி.மீ டஃபன்டு கண்ணாடி சதுர மீட்டருக்கு 30 கிலோ, 2.1 மீட்டர் உயரத்துக்கு இந்தப் பலகை 68 கிலோ வரும். மோட்டார் அதற்கு மேல் தாங்க வேண்டும். தரையில் நிற்கும் வாசற்கட்டை 12 மி.மீக்கு மேல் வேண்டாம்.

பதில்:
சென்சாரில் விலை குறைக்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள். கதவைத் திறக்கும் ரேடார் சென்சார் அசைவை மட்டும்தான் பார்க்கும். வாக்கரை ஊன்றி வாசலிலேயே மூச்சு வாங்க நிற்பவர் அதற்குத் தெரியாது, கதவு மூடிக்கொண்டு வரும். அதனால் பலகை ஓடும் கோட்டில் அசையாமல் நிற்பவரையும் உணரும் அகச்சிவப்பு பிரசன்ஸ் சென்சாரும் கட்டாயம் வேண்டும். பளபளக்கும் ஈரத் தரை அதைக் குழப்பும். இதனாலும் பாலிஷ் கல் கூடாது.

கரண்ட் போனால் பேட்டரி கதவைத் திறந்து, திறந்தபடியே நிறுத்தும் மாதிரி செட்டிங் கேளுங்கள். கதவின் எலக்ட்ரிக் பூட்டும், கரண்ட் போனால் தானே விடுபடும் வகையாக இருக்கட்டும். பேட்டரி இருப்பதாகச் சொன்னால் நம்பாமல், ஒப்படைக்கும் நாளில் மெயினை அணைத்துப் பாருங்கள், கையால் தள்ளியும் பாருங்கள்.

தூசி முதலில் அடைப்பது தரை கைடைத்தான், அதாவது பலகையின் அடியை நேராகப் பிடிக்கும் பாகத்தை. வாரம் ஒருமுறை பிரஷ் போடுங்கள். மேல் ரெயிலுக்கு எண்ணெய் விட வேண்டாம், தூசி பசையாகி உருளையைத் தேய்க்கும். காய்ந்த துணியால் துடைத்தால் போதும்.