கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பூண்டும் நடையும் போதும் என்று இருக்கலாமா?

ராயபுரம்வாசி:
அண்ணனுக்கு வயது 53. சர்க்கரை உண்டு. மாரடைப்பு எதுவும் வந்ததில்லை. போன மாத ரிப்போர்ட்டில் மொத்த கொலஸ்ட்ரால் 248, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 170, எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 36, ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பு) 210. டாக்டர் அட்டோர்வாஸ்டாடின் 20 மி.கி. எழுதினார். ஒரு அட்டை முடிவதற்குள் பூங்காவில் கூட நடக்கிறவர்கள், ‘ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாது, வெறும் வயிற்றில் பச்சைப் பூண்டு சாப்பிடு’ என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன் நிறுத்திவிட்டார். அண்ணி என்னைப் பிடித்துக் கேட்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வண்ணை_வாக்கிங்:
அண்ணன் செய்ததில் தப்பே இல்லை. முதலில் நம்ம பக்கம் என்ன சாப்பிடுகிறோம் என்று பாருங்கள். சாயந்திரமானால் பஜ்ஜி, போண்டா. செகண்ட் லைன் பீச் பக்கம் போனால் பர்மாக்காரர் கடை அத்தோ, பேஜோ. சௌகார்பேட்டைக்குள் நுழைந்தால் நெய் சொட்டுகிற ஜிலேபி. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி. இதில் ஒன்றையும் விடமாட்டோம், மாத்திரை மட்டும் போட்டுக்கொள்வோம் என்றால் அது என்ன வைத்தியம்?

வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. கனடாவின் டொரன்டோவில் நடந்த ஆய்வு 2003-ல் வெளியானது. ஒரு பிரிவுக்கு லோவாஸ்டாடின், அண்ணனுடையதைப் போலவே ஸ்டாடின் வகைக் கொலஸ்ட்ரால் மாத்திரை. இன்னொரு பிரிவுக்கு ஓட்ஸ், பார்லி, சோயா, பாதாம், வெண்டைக்காய், கத்தரிக்காய். மாத்திரைப் பிரிவில் எல்டிஎல் 30.9% இறங்கியது. சாப்பாட்டுப் பிரிவில் 28.6%. இவ்வளவுதான் வித்தியாசம். வெண்டைக்காய் கொத்தவால்சாவடியில் கிடைக்காதா என்ன?

மருந்துக்கடை_அக்கா:
வண்ணை சார் சொன்ன ஆய்வு உண்மை. ஆனால் பாதியில் நிறுத்திவிட்டார். அதில் இருந்தது 46 பேர், நடந்தது ஒரே மாதம், சாப்பாட்டையும் ஆய்வாளர்களே கொடுத்தார்கள். கொலஸ்ட்ராலைக் குறைக்கிற தாவர ஸ்டெரால் சேர்த்த மார்கரின் (வெண்ணெய் மாதிரித் தடவிக்கொள்வது) வேறு. பிறகு அதே குழு, ‘வீட்டிலேயே இப்படிச் சாப்பிடுங்கள்’ என்று சொல்லி ஒரு வருடம் பார்த்து 2006-ல் வெளியிட்டது. சராசரி இறக்கம் சுமார் 13%. மூன்றில் ஒரு பங்கு பேருக்குத்தான் 20%-ஐத் தாண்டியது. மற்றவர்கள் நம்மைப் போலத்தான், கல்யாண வீடு, பண்டிகை, ஆபீஸ் கேன்டீன்.

ராயபுரம் தம்பி, உங்கள் அண்ணனுக்கே கணக்குப் போடுங்கள். 170-ல் 13% கழிந்தால் 148. இந்திய இதயவியல் சங்கம் 2024-ல் கொடுத்த வழிகாட்டுதலில், சர்க்கரை உள்ளவர்களுக்கு எல்டிஎல் 70-க்குக் கீழே இருக்க வேண்டும். எவ்வளவு தூரம் பாருங்கள். அட்டோர்வாஸ்டாடின் 20 மி.கி. போட்டால் தோராயமாக 40% இறங்கும், 102 ஆகும். அதோடு சாப்பாட்டையும் சேர்த்தால் 90-ஐ ஒட்டி வரும். இரண்டும் சேர்ந்தே இன்னும் 70-ஐத் தொடவில்லை. இதில் ஒன்றை விட்டுவிடலாம் என்று பூங்காவில் முடிவு செய்கிறார்கள்!

பூண்டுக்கும் பதில் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் 192 பேருக்குப் பச்சைப் பூண்டு, பூண்டு மாத்திரை எல்லாம் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். 2007-ல் முடிவு வந்தது. எல்டிஎல் இறங்கவில்லை. ரசத்துக்குப் போடுங்கள், நன்றாக இருக்கும்.

காசிமேடு_கவளை:
அக்கா, நடுவில் என் சந்தேகம். இறால் கூடாது, நண்டு கூடாது, முட்டையில் மஞ்சள் கூடாது என்று என் மாமியார் ஓயாமல் சொல்கிறார். துறைமுகத்துப் பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு இறாலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது எவ்வளவு கொடுமை தெரியுமா? கவளை மீன் மட்டும் தாராளமாகச் சாப்பிடலாமாம், அதில் நல்ல கொழுப்பாம்.

மருந்துக்கடை_அக்கா:
உடம்பில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு நம் ஈரலே செய்வது. சாப்பாட்டில் வருகிற கொலஸ்ட்ராலை விட, நெய், பாமாயிலில் இருக்கிற நிறைகொழுப்புதான் (saturated fat) எல்டிஎல்லை அதிகம் ஏற்றும். ஒரு நாளுக்கு 300 மி.கி. கொலஸ்ட்ரால் என்ற எண் வரம்பை அமெரிக்க உணவு வழிகாட்டி 2015-லேயே எடுத்துவிட்டது. அதற்காக அளவில்லாமல் தின்னச் சொல்லவில்லை, சர்க்கரை உள்ளவர்கள் முட்டையில் கொஞ்சம் நிதானமாகவே இருக்கட்டும். இறாலைத் தொக்காகச் செய்து அளவாகச் சாப்பிடலாம். அதையே பாமாயிலில் முக்கிப் பொரித்தால் கதை வேறு. ரேஷன் பாமாயிலில் கிட்டத்தட்ட பாதி நிறைகொழுப்பு. தேங்காய் எண்ணெயில் அதைவிட அதிகம்.

கவளை, மத்தி நல்ல மீன்தான். ஆனால் மீன் எண்ணெய் இறக்குவது முக்கியமாக ட்ரைகிளிசரைடை. எல்டிஎல் அதனால் இறங்காது.

வண்ணை_வாக்கிங்:
அக்கா, எண்களை விடுங்கள், ஆட்களைப் பாருங்கள். எங்கள் தெருவில் இந்த மாத்திரை போடுகிறவர்களில் பாதிப் பேர் தொடை வலிக்கிறது, ஆடுசதை இழுக்கிறது என்கிறார்கள். ஸ்டாடின் சர்க்கரையை ஏற்றும் என்பதும் நிரூபணமானதுதான். சர்க்கரைக்காரருக்குச் சர்க்கரை ஏற்றுகிற மாத்திரையா? இன்னொன்றும் சொல்கிறேன். விடியற்காலையில் போய் ஓபி சீட்டு வாங்கி வரிசையில் நின்றால், டாக்டர் முகம் இரண்டு நிமிடம் தெரியும். ‘என்ன சாப்பிடுகிறாய், என்ன வேலை, எப்போது தூங்குகிறாய்’ என்று யார் கேட்கிறார்கள்? மாத்திரை எழுத அரை நிமிடம் போதும். அதனால்தான் எழுதுகிறார்கள்.

மருந்துக்கடை_அக்கா:
கடைசியில் சொன்னதை நானும் ஏற்றுக்கொள்கிறேன். கவுண்டரில் வந்து, ‘அம்மா, இது எதுக்கு?’ என்று கேட்கிறவர்கள் தினமும் உண்டு. யாரும் சொல்லி அனுப்பியிருக்க மாட்டார்கள்.

வலிக்கு வருவோம். வலி வந்து ஸ்டாடினை விட்ட 60 பேரை வைத்து இங்கிலாந்தில் ஒரு ஆய்வு செய்தார்கள். சில மாதம் ஸ்டாடின், சில மாதம் மருந்தே இல்லாத போலி மாத்திரை, சில மாதம் எதுவுமே இல்லை. ஸ்டாடினில் வந்த தொந்தரவில் 90% போலி மாத்திரையிலும் வந்தது. 2020-ல் வெளியானது. வலி பொய் என்று சொல்லவில்லை, வலித்தது நிஜம். காரணம் பெரும்பாலும் அந்த மருந்து இல்லை. உண்மையிலேயே தசையைக் கெடுப்பது அரிது. தாங்க முடியாத தசை வலியோடு சிறுநீர் கறுத்துப் போனால் மட்டும் காத்திருக்கக் கூடாது, உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

சர்க்கரை கொஞ்சம் ஏறும், ஆமாம். 255 பேருக்கு 4 வருடம் ஸ்டாடின் கொடுத்தால் புதிதாக ஒருவருக்குச் சர்க்கரை வரும் என்று 2010-ல் கணக்கிட்டார்கள். அதே காலத்தில் அவர்களில் தவிர்க்கப்படுகிற மாரடைப்பும் பக்கவாதமும் அதைவிட அதிகம். சர்க்கரைக்காரரைக் கடைசியில் கொண்டுபோவது பெரும்பாலும் இதயம்தான் சார்.

வியாசை_கேரம்:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது, அதனால் கொஞ்சம் கோபமாகவே பேசுவேன். ‘இயற்கை, இயற்கை’ என்கிறவர்களுக்கு ஒன்று. முதல் ஸ்டாடினை ஜப்பானில் அகிரா எண்டோ பூஞ்சைக் காளானிலிருந்துதான் எடுத்தார். 6,000-க்கு மேற்பட்ட பூஞ்சைகளைச் சோதித்து, 1973-ல் கண்டுபிடித்தார். இதைவிட இயற்கை வேண்டுமா?

அப்புறம், 2023-ல் தமிழக அரசு கொண்டுவந்த இதயம் காப்போம் திட்டம். நெஞ்சுவலி என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடுகிறவருக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் 14 மாத்திரை கொடுக்கிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரெல் 4, மிச்சம் 8 அட்டோர்வாஸ்டாடின். ஆம்புலன்ஸில் ஏற்றும் முன்னே கொடுக்கிற மருந்தைப் பூங்காவில் உட்கார்ந்து விஷம் என்கிறீர்கள்.

ஆனால் என் மச்சானையும் இங்கேயே திட்டிவிடுகிறேன். அவனுக்கும் இதே மாத்திரை. ‘அதான் மாத்திரை போடுறேனே’ என்று சொல்லிக்கொண்டே பீஃப் ஃப்ரையில் இரண்டாவது தட்டு. பீடியையும் விடவில்லை. வண்ணை அண்ணே, உங்கள் கோபத்தை அவன் மேல் காட்டுங்கள், ராயபுரத்து அண்ணன் மேல் வேண்டாம்.

வண்ணை_வாக்கிங்:
ஸ்டென்ட் வைத்தவர் மாத்திரையை விடச் சொல்ல நான் முட்டாள் இல்லை தம்பி. நான் பேசுவது மாரடைப்பு வராதவர்களைப் பற்றி. என் மருமகனுக்கு 36 வயது, சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, புகை இல்லை. எல்டிஎல் 135. ஒரு முழு உடல் பரிசோதனை முகாமில் அவனுக்கும் நீட்டினார்கள் அதே மாத்திரையை. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

மருந்துக்கடை_அக்கா:
அவருக்குச் சாப்பாடும் நடையும்தான் முதலில், அதில் நான் உங்கள் பக்கம். மூன்று நான்கு மாதம் ஒழுங்காக இருந்து மறுபடி பார்க்கட்டும். குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதில் மாரடைப்பு வந்திருந்தால் அதை டாக்டரிடம் சொல்லி, லிப்போபுரோட்டீன்(ஏ) என்கிற, பரம்பரையாக வருகிற கொழுப்பின் ரத்தப் பரிசோதனையை ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது. நம் தெற்காசிய ஆட்களுக்கு மாரடைப்பு மற்றவர்களை விடச் சீக்கிரமே வருகிறது. 36 வயதும் 53 வயதுச் சர்க்கரையும் ஒரே கேஸ் இல்லை. ஒருவருக்குச் சரியானதை இன்னொருவருக்குச் சொல்வதால்தான் இந்தச் சண்டையே.

வண்ணை_வாக்கிங்:
சரி, 53-க்குப் போடட்டும். ஆனால் பஜ்ஜியை விடாமல் வெறும் மாத்திரை போட்டால், நான் வீட்டுக்கே வந்து திட்டுவேன்.

ராயபுரம்வாசி:
அண்ணனிடம் 148, 102, 90 கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினேன். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் காட்டி மறுபடி ஆரம்பிக்கலாம் என்கிறார். ஷிஃப்ட் வேலை என்பதால் ராத்திரி மாத்திரை அடிக்கடி மறந்துவிடுகிறதாம். திரும்ப எப்போது டெஸ்ட் எடுக்க வேண்டும்?

மருந்துக்கடை_அக்கா:
அட்டோர்வாஸ்டாடின் உடம்பில் நீண்ட நேரம் தங்கும், எந்த நேரமும் போடலாம். சர்க்கரை மாத்திரையோடு காலையில் சேர்த்துவிடுங்கள், மறக்காது. ஆறிலிருந்து எட்டு வாரத்தில் கொழுப்புப் பரிசோதனை எடுத்து, ஈரல் டெஸ்டும் வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 70-க்கு வரவில்லை என்றால் அளவைக் கூட்டுவார்கள், இல்லை எசெட்டிமிப் என்ற இன்னொரு கொலஸ்ட்ரால் மாத்திரையைச் சேர்ப்பார்கள். அப்போதும் பூங்காவில் கேட்டுவிட்டு நிறுத்த வேண்டாம்.