புள்ளிகளைப் பதுக்கி வைப்பவரை என்ன செய்வது?

கோடைமழை கேட்கிறார்:

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் என்ற இணைய விளையாட்டில் ஒரு கில்டுக்கு, அதாவது ஆட்டக்காரர் குழுவுக்கு, தலைவியாக இருக்கிறேன். மோல்டன் கோர் என்ற நிலவறைக்கு ரெய்டு, அதாவது கூட்டுப் படையெடுப்பு, நாற்பது பேர் போகிறோம். ஒரு பாஸ் (பெரிய எதிரி) விழுந்தால் கிடைப்பதோ கைவிட்டு எண்ணக்கூடிய சில பொருள்கள். பங்கிட டி.கே.பி. (டிராகன் கில் பாயிண்ட்ஸ்) முறை வைத்திருக்கிறோம். ரெய்டுக்கு வந்தால் புள்ளி, பாஸ் விழுந்தால் புள்ளி, பொருள் வேண்டுமென்றால் அந்தப் புள்ளிகளை வைத்து ஏலம்.

தலைவலி, எதிரியின் அடியை முன்னால் நின்று வாங்கும் எங்கள் மூத்த டேங்க்தான். புள்ளிகளைக் குவித்துக்கொண்டே போகிறார், எதையும் வாங்குவதில்லை. ஒரு வாளுக்காகக் காத்திருக்கிறாராம். அதுவரை பழைய கவசத்தோடு முன்னால் நிற்பார்; அவர் உயிரைப் பிடித்துவைத்தே குணப்படுத்தும் ஹீலர்களின் மந்திர சக்தியான மானா தீர்ந்துபோகும். போன ரெய்டில் அவருக்கென்றே செய்ததுபோல ஒரு மார்புக்கவசம் வந்தது. அவர் கேட்கவில்லை, மற்றவர்களுக்கு அது தேவையில்லை, உடைத்துப் படிகமாக்கிவிட்டோம். எனக்கு வயிறு எரிந்தது. இன்னொரு பக்கம், புதிதாக வந்த ஹீலர் ஒருவர் ஒரு ரெய்டும் தவறுவதில்லை. ஆனால் எந்த ஏலத்திலும் பழையவர்களை நெருங்கக்கூட முடியவில்லை.

துணைத்தலைவர்கள் ஐந்து பேரும் லூட் கவுன்சில் என்ற பங்கீட்டுக் குழு வைத்து நாமே முடிவு செய்யலாம் என்கிறார்கள். ஐவரில் மூவர் மேஜ், அதாவது மந்திரவாதிகள். மேஜ் அங்கி வந்தால் யாருக்குப் போகும் என்று சொல்லவும் வேண்டுமா?

பழம்பெருச்சாளி:

இது டி.கே.பி.யோடு கூடப்பிறந்த நோய், அம்மா. 1999இல் எவர்க்வெஸ்ட் ஆட்டத்தில் ஆஃப்டர்லைஃப் என்ற கில்டில் பிறந்த முறை இது. பெயரில் இருக்கும் டிராகன்கள் அங்கிருந்த வாக்ஸும் நாகஃபெனும். ஒவ்வொரு பாஸுக்கும் புதுப் புள்ளி பிறக்கிறது; பொருள் வாங்காதவரிடம் அது அப்படியே தங்கிவிடுகிறது. கணக்கற்று நோட்டு அச்சடித்தால் என்ன ஆகுமோ அதுதான் உங்கள் ஏலத்திலும் நடக்கிறது.

முறையை மாற்றாதீர்கள். தேய்மானம் வையுங்கள். வாரந்தோறும் எல்லோருடைய இருப்பிலும் 10 விழுக்காட்டைக் கழித்துவிட்டு அந்த வாரப் புள்ளியைச் சேருங்கள். வாரத்துக்கு 100 புள்ளி என்றால், எத்தனை ஆண்டு பதுக்கினாலும் ஒருவரால் 1,000ஐத் தாண்ட முடியாது. புதியவரோ ஏழாவது வாரத்திலேயே 500ஐத் தாண்டிவிடுவார். கையில் வைத்தால் கரையும் என்று தெரிந்தால் உங்கள் டேங்க் தானாகவே கவசம் கேட்பார்.

ஒற்றைக்கண் குள்ளன்:

இ.பி.ஜி.பி. என்ற இன்னொரு பங்கீட்டு முறையைப் பாருங்கள். உழைப்புப் புள்ளியைப் பொருள் புள்ளியால் வகுத்தால் வருவதுதான் முன்னுரிமை. பழையவர் 3,000 உழைத்து 1,500க்குப் பொருள் எடுத்திருந்தால் அவருடைய எண் 2. புதியவர் 450 உழைத்து 150க்கு எடுத்திருந்தால் 3. பொருள் புதியவருக்கு. ஏலச் சண்டையே கிடையாது, விலை முன்பே எழுதி வைத்ததுதான்.

பழம்பெருச்சாளி:

அழகான கணக்குதான். ஆனால் அவர் கேட்டது எதையும் எடுக்காதவரைப் பற்றி! எல்லோருக்கும் தொடக்கப் பொருள் புள்ளி 100 என்று வைத்தால், 3,000 உழைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பவரின் எண் 30. வாள் வந்த அன்று அவரை யார் அசைப்பது? இதற்கும் தேய்மானம் வேண்டும்.

மூன்றாம் வரிசை:

ஆளுக்கு ஒரு பொருளை முன்பதிவு செய்யட்டும், போட்டி வந்தால் பகடை உருட்டட்டும். இரவு நிம்மதியாகத் தூங்கலாம்.

கோடைமழை:

பகடையில் அந்த வாள் நேற்றுச் சேர்ந்தவருக்குப் போனால் எனக்குத் தூக்கம் வராது, நண்பரே.

தேய்மானம் சரி என்று படுகிறது. ஒரே கேள்வி: ஏற்கெனவே சேர்த்த புள்ளிகளை என்ன செய்வது? அழித்தால் டேங்க் கில்டைவிட்டே போய்விடுவார். நாற்பது பேரையும் இழுத்துப் பிடித்துப் பழக்கியவர் அவர்தான், அதையும் மறக்க முடியாது.

பழம்பெருச்சாளி:

அழிக்க வேண்டாம். தேய்மானம் தொடங்கும் தேதியை ஒரு மாதம் முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். அதற்குள் வேண்டியதை வாங்கிக்கொள்ளட்டும். மிச்சம் இருப்பது மற்றவர்களுடையதைப் போலவே தேயட்டும். அப்படியும் கோபித்துக்கொண்டு போனால் அவருக்கு வேண்டியிருந்தது வாள் மட்டும்தான்.

ஒற்றைக்கண் குள்ளன்:

கவுன்சிலை முற்றிலும் ஒதுக்காதீர்கள். தண்டர்ஃப்யூரி வாளைச் செய்யத் தேவையான இரண்டு பாகங்களான பிணைப்புகளும் மோல்டன் கோரில்தான் விழும், அதுவும் எப்போதோ ஒருமுறை. ஆளுக்கொன்று கிடைத்தால் யாருக்கும் வாள் இல்லை. அதை மட்டும் ஏலத்துக்கு வெளியே எடுத்து, முதல் பிணைப்பு யாருக்கோ இரண்டாவதும் அவருக்கே என்று இப்போதே எழுதி வையுங்கள். தனக்குப் பயன்படும் பொருளுக்கு மேஜ்கள் வாக்களிக்கக் கூடாது என்பதையும் அதன் கீழேயே எழுதிவிடுங்கள்.