பாடக் குறியீட்டின் கடைசி எழுத்து: 11ஆம் வகுப்புப் பாடத் தெரிவில் எங்களுக்கு நடந்தது

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஸ்காபரோவிலிருந்து ஒரு அம்மா

என் மூத்த மகள் 10ஆம் வகுப்பில் இருந்தபோது, ஒரு பெப்ரவரி இரவு, அடுத்த ஆண்டுக்கான பாடத் தெரிவுப் படிவத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். எட்டுப் பாடங்கள் எழுதியிருந்தாள். நான் இரவு வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். "எல்லாம் சரியா பிள்ளை?" என்று கேட்டேன். "சரி அம்மா" என்றாள். கையெழுத்து வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

அதில் கணிதத்துக்கு எம்.சி.எஃப். 3எம் என்று இருந்தது. அவளுக்கு அந்த ஆண்டு கணிதத்தில் 61 புள்ளி. கொஞ்சம் இலகுவான பாடமாக எடு என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். கடைசி எழுத்து எம் என்றால் பல்கலைக்கழகம், தொழில் சார்ந்த படிப்புகள் உள்ள கல்லூரி இரண்டுக்கும் பொதுவான பாடம் என்று மகள் எனக்கு விளக்கினாள். அது உண்மைதான். இரண்டுக்கும் பொது என்றால் பிறகு எந்தப் பக்கமும் போகலாம் என்று நான் எடுத்துக்கொண்டேன். அங்கேதான் பிழை நடந்தது.

12ஆம் வகுப்பு தொடங்கும்போது அவளுக்கு வணிகப் படிப்பில் ஆசை வந்துவிட்டது. அவள் விரும்பிய பல்கலைக்கழகப் படிப்புக்கு 12ஆம் வகுப்பில் இரண்டு கணிதப் பாடங்கள் தேவை: அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸ், அப்புறம் கல்குலஸ் அண்ட் வெக்டர்ஸ். முதலாவதை எடுக்க 11ஆம் வகுப்பில் எம்.சி.ஆர். 3யு படித்திருக்க வேண்டும்; யு என்றால் பல்கலைக்கழகப் பாதைக்கான பாடம். அல்லது கல்லூரித் தொழில்நுட்பத்துக்கான 12ஆம் வகுப்புக் கணிதம் முடித்திருக்க வேண்டும். அவளிடம் இரண்டுமே இல்லை. 3எம் படித்தவர்கள் டேட்டா மேனேஜ்மென்ட் என்ற கணிதப் பாடம் எடுக்கலாம், கல்லூரிக் கணிதங்கள் எடுக்கலாம், ஆனால் அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸுக்கு நேரே போக முடியாது. செப்டெம்பர் மாதம், பாடத் தெரிவுக்கு ஆலோசனை சொல்லும் கைடன்ஸ் ஆசிரியரின் அறையில் இருந்துதான் இதை நான் முதல் தடவையாகக் கேட்டேன்.

அந்த அறையில் மகள் அழவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, "இதை ஏன் ஒருவரும் முதலே சொல்லவில்லை?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். எனக்குப் பதில் இருக்கவில்லை.

பிறகு நடந்தது இதுதான். 12ஆம் வகுப்பின் முதல் செமஸ்ரரில் 3யு, இரண்டாவதில் அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸ், கல்குலஸுக்காக அடுத்த செப்டெம்பரில் இன்னும் ஒரு அரை ஆண்டு. சிநேகிதிகள் எல்லோரும் பல்கலைக்கழகம் போன பிறகு அவள் மட்டும் அதே கட்டடத்துக்குத் திரும்பிப் போனாள். அவளுக்குப் பாரமாக இருந்தது கணிதம் இல்லை, மதியச் சாப்பாட்டு நேரம். கூட இருந்து சாப்பிட ஆள் இல்லை. இப்போது அவள் விரும்பிய படிப்பில் இரண்டாம் ஆண்டு. 3யு-வில் 78 எடுத்தாள். 10ஆம் வகுப்பில் 61 எடுத்த அதே பிள்ளை.

மகன் இந்த ஆண்டு 10ஆம் வகுப்பு. படிவம் வந்திருக்கிறது. உங்கள் வீடுகளில் என்ன நடந்தது என்று எழுதுங்கள், நல்லதோ கெட்டதோ. எனக்கு மட்டுமல்ல, இந்தக் கிழமை படிவத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் மற்ற அம்மா அப்பாக்களுக்கும் உதவும்.

*

பிரம்ரனிலிருந்து ஒரு அப்பா

அக்கா, உங்கள் மகள் இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை. அவளுக்கே இப்படி என்றால் எங்கள் நிலையை யோசியுங்கள். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தபோது என் மகனுக்கு 16 முடிந்து 17 நடந்துகொண்டிருந்தது. சாதாரண தரப் பரீட்சை எழுதி நல்ல பெறுபேற்றோடு வந்தவன்.

உயர்நிலைப் பள்ளியை முடிக்கும் டிப்ளோமாவுக்கு 30 கிறெடிட் வேண்டும், ஒரு கிறெடிட் என்றால் 110 மணி நேரப் படிப்பு என்று சொன்னார்கள். இவன் பூச்சியத்திலிருந்து தொடங்க வேண்டுமோ என்று எனக்கு நெஞ்சு அடைத்தது. அப்படி இல்லை. வெளிநாட்டில் படித்துவிட்டு வரும் பிள்ளைக்கு அங்கே படித்ததைப் பார்த்து எத்தனை கிறெடிட் கணக்கில் சேர்க்கலாம் என்று அதிபர் தீர்மானிக்கலாம். அதற்கு நாங்கள் கொண்டுவந்த தேர்ச்சி அறிக்கைகள்தான் கைகொடுத்தன. மனைவி அவற்றை எல்லாம் ஒரு ஃபைலில் போட்டுக் கைப்பையில் வைத்தே விமானம் ஏறினவ. ஊரிலிருந்து பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: 9ஆம் தரத்திலிருந்து எல்லாத் தவணை அறிக்கைகளையும் எடுத்து வாருங்கள், மொழிபெயர்ப்போடு.

கணிதத்தில் மகன் வகுப்புக்கு முன்னால் ஓடினான். இடறியது எழுத்தறிவுத் தேர்வில். வாசிப்பையும் எழுத்தையும் பார்க்க 10ஆம் வகுப்பில் எல்லோரும் எழுதும் தேர்வு அது, பிந்தி வந்தவர்களும் டிப்ளோமாவுக்கு அந்தத் தேவையை நிறைவு செய்தே ஆக வேண்டும். வந்த ஆண்டிலேயே எழுதினான். தவறிவிட்டது. ஆங்கிலம் இன்னும் பழகிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அதை ஒத்திவைக்கக் கேட்கலாம், மேலதிக நேரம் கேட்கலாம் என்பதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கேட்டிருந்தால் அந்த மனவருத்தம் வந்திருக்காது. மூன்று நாள் அவன் ஒருவரோடும் கதைக்கவில்லை.

கடைசியில் அந்தத் தேர்வுக்குப் பதிலான எழுத்தறிவுப் பாடத்தை எடுத்தான். அதில் தேறினால் தேவையும் நிறைவேறும், ஒரு கிறெடிட்டும் கிடைக்கும். முதலில் எனக்கு அது தோற்ற பிள்ளைகளுக்கான வகுப்பு மாதிரித் தெரிந்தது, மனம் ஒப்பவில்லை. ஆனால் அந்த வகுப்பில்தான் அவன் ஆங்கிலத்தில் எழுதப் பழகினான். நான்கு மாதம் பத்திரிகைச் செய்தியும் சுருக்கமும் எழுதி எழுதிக் கை திருந்தியது. இன்று அவன் அனுப்பும் அலுவலக மின்னஞ்சல்களைப் பார்த்தால் எனக்குப் பெருமையாக இருக்கும்.

இன்னொன்று. கட்டாய ஆங்கிலம் நான்கு கிறெடிட். அதில் மூன்று வரை ஈ.எஸ்.எல்., அதாவது ஆங்கிலம் புதிதாகப் பழகுகிறவர்களுக்கான பாடங்களாக இருக்கலாம். நான்காவது 12ஆம் வகுப்பு ஆங்கிலமாக இருக்க வேண்டும். பல்கலைக்கழகம் போகிறவர்களுக்கு அது 4யு ஆங்கிலம். இதை முதல் நாளே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

*

மார்க்கத்திலிருந்து, மின்சார வேலை செய்யும் ஒருவர்

நான் பிள்ளையின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கு இப்போது 27 வயது.

10ஆம் வகுப்பில் எனக்கு ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்திருந்தது. கையால் செய்கிற வேலைதான் எனக்குப் பிடிக்கும். அப்பாவிடம் சொல்லத் துணிவில்லை. 11இல் எல்லாப் பாடத்தையும் யு-வில் எடுத்தேன். இரசாயனம் 52, பௌதிகம் 55. ஒவ்வொரு இரவும் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு சும்மா இருப்பேன். பிறந்தநாள் வீடுகளில் மாமாமார் "எந்த யூனிவர்சிற்றி தம்பி?" என்று கேட்பதற்குப் பயந்தே போகாமல் இருந்திருக்கிறேன்.

என்னைக் காப்பாற்றியது கோ-ஒப். 12ஆம் வகுப்பின் ஒரு செமஸ்ரரில் பாதி நாள் பள்ளிக்கூடம், பாதி நாள் ஒரு மின்சார ஒப்பந்தக்காரரோடு வேலை. அதுவும் கிறெடிட்தான், டிப்ளோமாவில் சேரும். ஓயாப் என்ற இளையோர் தொழிற்பயிற்சித் திட்டமும் இருக்கிறது, பள்ளியில் படிக்கும்போதே தொழில் பயில வழி செய்கிறது. எனக்கு முதல் கிழமையே தெரிந்துவிட்டது, இதுதான் என் இடம் என்று. காலையில் அலாரம் அடிக்க முன்னமே எழும்பினேன்.

ஒன்ராறியோவில் மின்சாரத் தொழிலாளராக வேலைத்தளப் பயிற்சியும் வகுப்பும் சேர்த்து ஏறத்தாழ 9000 மணி நேரம் ஆகும். ஐந்து ஆண்டுக் கணக்கு. அதன் பிறகு தகுதிப் பரீட்சை. இலகுவான பாதை என்று நினைத்து யாரும் வரவேண்டாம், கணிதம் தினமும் வரும். படிக்கும் காலத்திலேயே சம்பளம் வரும் என்பதையும் அம்மா அப்பாக்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்பா முதல் ஆறு மாதம் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. வீட்டு நிலக்கீழ் அறைக்கு முழு வயரிங்கும் நானே செய்து, பரிசோதகர் வந்து பார்த்துச் சரி என்று சொன்ன அன்றைக்கு, தன்ர சிநேகிதருக்குத் தொலைபேசி எடுத்து "என்ர மகன் செய்தது" என்று சொல்வதைப் படிக்கட்டில் நின்று கேட்டேன்.

அக்கா, உங்கள் மகனிடம் எந்தப் பாடம் என்று கேட்க முதல், எந்த வகுப்பில் நேரம் போவது தெரியவில்லை என்று கேட்டுப் பாருங்கள்.

*

மிசிசாகாவிலிருந்து ஒரு அம்மா

நான் சுருக்கமாகவே எழுதுகிறேன். டிப்ளோமாவுக்குக் கட்டாயமான 40 மணி நேரத் தொண்டு வேலை பற்றி. என் மகனுக்குப் புள்ளி எல்லாம் நல்லது, 30 கிறெடிட்டும் முடிந்துவிட்டது. 12ஆம் வகுப்பு மே மாதம் பார்த்தால் தொண்டு மணி 6. ஒவ்வொரு சனியும் ஞாயிறும் நூலகத்துக்கும் முதியோர் இல்லத்துக்கும் ஓடி ஒருவாறு முடித்தான். 9ஆம் வகுப்புக்கு முந்திய கோடை விடுமுறையிலேயே தொடங்கலாம். முன்னமே அனுமதி கேட்டு, செய்த அன்றே படிவத்தில் கையொப்பம் வாங்குங்கள். இரண்டு ஆண்டு கழித்துப் போய்க் கேட்டால் அங்கே வேலை செய்தவர் மாறிப்போயிருப்பார்.

*

பல்கலைக்கழக மாணவி, முதலாம் ஆண்டு

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். 12ஆம் வகுப்பில் பௌதிகம் எடுத்தேன், தேவையில்லாமல். எடுத்தால் மதிப்பு என்று எல்லோரும் சொன்னார்கள். நடுத்தவணை அறிக்கையில் 58. விலகினால் புள்ளிப் பதிவில் காட்டிவிடும் என்று பயந்து விடாமல் இழுத்துக்கொண்டிருந்தேன். அந்த அறிக்கை வந்து ஐந்து பாடசாலை நாட்களுக்குள் விலகினால் 11, 12ஆம் வகுப்புப் பாடங்கள் பதிவில் வராது. இதை எனக்கு நான்காம் நாள்தான் கைடன்ஸ் ஆசிரியர் சொன்னார். அன்று மதியமே விலகினேன். பல்கலைக்கழகங்கள் பொதுவாகப் பார்ப்பது 12ஆம் வகுப்பு யு, எம் வகைப் பாடங்களில் மிகச் சிறந்த ஆறு. தேவைப்படாத ஒன்றை எடுத்து, தேவைப்படும் மற்றவற்றையும் பாழாக்கப் பார்த்தேன்.

மற்றது, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் எனக்கு ஒரு கிறெடிட் கிடைத்தது. அம்மம்மாவுக்குக் கடிதம் எழுத முடிகிறது. எனக்கு அதுதான் அதைவிடப் பெரிது.

*

ஸ்காபரோ அம்மா, மீண்டும்

எல்லோருக்கும் நன்றி. மின்சார வேலை செய்யும் தம்பி எழுதியதை மகனுக்கு வாசித்துக் காட்டினேன். அவன் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

இந்தத் தடவை நாங்கள் கடைசியிலிருந்து தொடங்கினோம். அவனுக்குப் பிடித்த மூன்று படிப்புகளின் அனுமதித் தேவைகளை எடுத்தோம்: ஒன்று பல்கலைக்கழகத்தில், இரண்டு கல்லூரியில். ஒவ்வொன்றுக்கும் 12ஆம் வகுப்பில் என்ன வேண்டும், அதற்கு 11இல் என்ன படித்திருக்க வேண்டும் என்று பின்னோக்கி வந்து எழுதினோம். பாடசாலையின் பாட விபரத்தில் எந்தப் பாடத்திலிருந்து எந்தப் பாடத்துக்குப் போகலாம் என்று அம்புக்குறி போட்ட படம் இருக்கிறது. மகள்தான் அதைக் காட்டினாள். அந்த அம்புகளை விரலால் தொட்டுத் தொட்டுத் தம்பிக்கு விளக்கினாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தேடும்போது அறிந்துகொண்ட இரண்டு விடயங்கள். 2024 செப்டெம்பர் முதல் 9ஆம் வகுப்பு தொடங்கியவர்களுக்குக் கட்டாயப் பாடங்கள் 17, விருப்பப் பாடங்கள் 13. அதற்கு முன் 18உம் 12உம். புதிய பிள்ளைகள் 9இலோ 10இலோ ஒரு தொழில்நுட்பப் பாடம் எடுக்க வேண்டும். மூத்த பிள்ளைக்கு நடந்ததை வைத்து இளையதுக்குக் கணக்குப் போட்டால் பிழையாகிவிடும். இணையவழியில் இரண்டு கிறெடிட் எடுக்க வேண்டும் என்பதும் மகளின் காலத்தில் இல்லை. வேண்டாம் என்றால் பெற்றோர் படிவம் நிரப்பி விலக்குக் கேட்கலாம். மகனுக்குத் திரையின் முன் தனியே இருந்து படிக்க வராது. அதனால் கேட்கப்போகிறோம்.

கணிதத்துக்கு 3யு எழுதியிருக்கிறான். அவன் புள்ளி 66. நான் வற்புறுத்தவில்லை. "கஷ்டமாக இருந்தால் மாறலாம்தானே, மேலேயிருந்து கீழே வருவது சுலபம்" என்று அவனே சொன்னான். எட்டாவது பாடமாகத் தச்சு வேலை வகுப்பை எழுதினான். ஏன் என்று கேட்டேன். அந்த வகுப்பில் மணி அடிப்பது கேட்பதே இல்லை என்றான்.

படிவம் வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. நாளை எனக்கு வேலை இல்லை, கைடன்ஸ் ஆசிரியரிடம் நேரம் கேட்டிருக்கிறேன். மூன்று பேரும் போகிறோம். மகளும் வருகிறாளாம்.