எழுதறதுக்குள்ள எண்ணு மறந்து போகுதுங்க

ஈரோட்டுல மஞ்சள் மண்டியில கணக்கு எழுதறேனுங்க. வயசு 46, இதே வேலையில 19 வருசம். எடை போடற அண்ணன் “அறுவத்தி மூணு இருநூறு”ன்னு சொல்றது காதுல விழுகுது. பேனா தாள்ல படறதுக்குள்ள எண்ணு போயிருது. போன வாரம் விரலி மஞ்சள் வெலையக் கிழங்கு மஞ்சள் பத்தியில எழுதிட்டேன். மத்தியானத்துக்கு மேல தலைக்குள்ள, மஞ்சள் வேவிக்கற கொப்பரையில ஆவி கவிஞ்ச மாதிரி இருக்குது. ‘தராசு’ங்கற வார்த்தை வராம கையில சாடை காட்டினேனுங்க. தூக்கம் நல்லாத்தான் வருது. சுகருக்கு 8 வருசமா மெட்ஃபார்மின். நாங்க சைவம். எங்கம்மா கடைசியில எங்களையே மறந்துட்டாங்க. எனக்கும் அதுதான் ஆரம்பிச்சிருச்சான்னு பகலெல்லாம் அதே நெனப்பு.

கோபி வாத்தியார்:
அம்மணி, அம்மாவுக்கு வந்ததுதான் இதுன்னு இப்பவே முடிவு கட்டாதீங்க. இப்படி மூளை மந்தமாகறது தனி நோயில்ல, வேறெதோ கொறையோட அறிகுறி. மொதல்ல ரத்தத்துல வைட்டமின் பி12 எவ்வளவு இருக்குதுன்னு பாருங்க. மெட்ஃபார்மின் வருசக்கணக்குல சாப்புட்டா உடம்பு பி12ஐ உறிஞ்சறது கொறையும். காய்கறியில அது கெடையாது, நமக்குப் பால் தயிர்தான். எனக்கு ரெண்டு பாதமும் மதமதன்னு இருந்துச்சு. சுகர்னாலதான்னு ஒரு வருசம் சும்மா இருந்துட்டேன். ஊசி போட்டு மூணு மாசத்துல மறதி தெளிஞ்சிருச்சு, பாதம் இன்னும் முழுசா சரியாகல. அதனாலதான் சொல்றேன், தள்ளிப்போடாதீங்க. சுகர் மாத்திரைய நீங்களா நிறுத்தீராதீங்க. கடையில வெறும் ஃபோலிக் ஆசிட் வாங்கிப் போடவும் வேண்டாம். ரத்தசோகை சரியான மாதிரி காட்டும், நரம்பு உள்ளுக்குள்ள கெட்டுட்டே போகும்.

திருப்பூர் அக்கா:
தைராய்டு, ஹீமோகுளோபின், உடம்புல இரும்புச்சத்து இருப்பைக் காட்டற ஃபெரிட்டினும் சேத்துப் பாத்துருங்க கண்ணு. மாசவெலக்கு நிக்கப்போற வயசுலயும் இப்படி வரும், எனக்கு அதுதான். தும்மலுக்கு ஏதாச்சும் மாத்திரை போடறீங்களா? அதுல சிலதும் தலைய மந்தமாக்கும். திடீர்னு பேச்சு கொளறுனாலோ, வாய் ஒரு பக்கம் கோணுனாலோ டெஸ்ட்டுக்குக் காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடோணும். டெஸ்ட் முடிவு வர்ற வரைக்கும், எடை போடறவர் எடையச் சொன்னதும் வாய்விட்டுத் திருப்பிச் சொல்லிட்டு எழுதுங்க.

கேட்டவர்:
அக்கா, மஞ்சத் தூசிக்குத் தும்மல் வந்து நாலு மாசமா தெனம் காலையில ஒரு செட்ரிசின் போடறேனுங்க. அதையெல்லாம் மருந்துன்னே நெனைக்கல! டாக்டருகிட்டச் சொல்றேன். வாத்தியாரய்யா, எனக்கும் கட்டைவெரலு மரத்துத்தான் கெடக்குது. திங்கக்கெழமை லீவு சொல்லிட்டேன், ரத்தம் குடுக்கப் போறேன். இன்னைக்கு மத்தியானம் ஒவ்வொரு எடையையும் திருப்பிச் சொல்லித்தான் எழுதினேன். 41 மூட்டை. ஒண்ணும் தப்பலீங்க.