மறு: ‘லைவ்’ இயக்கத்துக்குத் தமிழ் – வெள்ளோட்டமா, நிறுவா இயங்குதளமா?

அன்புள்ள குழுவினருக்கு,

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், பழைய கணினி வைத்திருப்போருள் பலர் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை (கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளை) வீட்டிலேயே முயன்று பார்க்க விரும்புகிறார்கள். அவர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அதில் வரும் ‘லைவ்’ (live) என்ற சொல்லுக்கு எது தமிழ் என்பதில் மட்டும் இன்னும் முடிவு எட்டவில்லை. ‘நேரலை’, ‘உயிர்வட்டு’, ‘வெள்ளோட்டம்’, நான் முன்மொழிந்த ‘நிறுவா இயக்கம்’ ஆகியவை இதுவரை குழுவில் வந்த பரிந்துரைகள்.

பொருளை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். ‘லைவ்’ முறையில், கணினியின் வன்வட்டைத் (hard disk) தொடாமல், பென் டிரைவிலிருந்தே இயங்குதளத்தைத் தொடங்குகிறோம். நாம் செய்யும் மாற்றங்கள், தனியே சேமிப்பிடம் ஒதுக்கியிருந்தாலன்றி, நினைவகத்தில் மட்டும் தங்கிக் கணினியை அணைத்ததும் மறைகின்றன. ‘நேரலை’ ஒளிபரப்புக்கே உரியதாகிவிட்ட சொல். ‘உயிர்வட்டு’ ஆங்கிலச் சொல்லைப் பெயர்க்கிறதே தவிர இந்தப் பொருளைச் சுட்டவில்லை. இவ்விரண்டையும் விட்டுவிடலாம் என்பதில் எல்லோரும் உடன்படுகிறோம் என்று கொள்கிறேன்.

‘வெள்ளோட்டம்’ அழகான சொல். தேரையும் கப்பலையும் முறைப்படி ஓட்டுவதற்கு முன் ஓட்டிப் பார்ப்பதைக் குறிப்பதால், படிப்பவருக்கு விளக்கமே தேவைப்படாது. வெள்ளிடை (வெட்டவெளி) என்பதில் உள்ளதுபோல ‘வெள்’ வெறுமையைக் குறிக்கும், ஆகவே சுமையேற்றாத ஓட்டமே வெள்ளோட்டம், வன்வட்டில் எதையும் ஏற்றாததால் நமக்கும் பொருந்தும் என்று நண்பர் மூன்று மடல்களில் நிறுவ முயன்றார். மற்றொருவர் அந்த வேரை வெளி, வெறு, வெள்ளறிவு ஆகிய சொற்கள் வரை கொண்டு சென்றார். அந்த வேர் சரியாகவே இருக்கட்டும், பயனருக்கு அது தேவையில்லை. என் தயக்கம் வேறு. 2000-இல் வெளிவந்த நாப்பிக்ஸ் (Knoppix) என்னும் ‘லைவ்’ வகை லினக்ஸ், முயன்று பார்ப்பதற்கு மட்டுமன்றிப் பழுதான கணினியிலிருந்து கோப்புகளை மீட்பதற்கும் பெயர்பெற்றது. தொடங்க மறுக்கும் கணினியிலிருந்து கோப்புகளைக் காப்பாற்றுபவர் எதையும் வெள்ளோட்டம் பார்ப்பதில்லை.

அதனால்தான் ‘நிறுவாத இயக்கம்’ என்ற பொருளில் ‘நிறுவா இயக்கம்’ என்றேன். செய்யா என்னும் வாய்பாட்டில் ‘நிறுவா’ என்பது ‘நிறுவி’ எனப் பொருள்படும் உடன்பாட்டு வினையெச்சமாகவும் ஆகலாமே என்ற தடைக்கு என் மறுமொழி எளியது: வினையெச்சம் வினையைக் கொண்டு முடியும், இங்கே பின்வருவது பெயர். ஆனால் அடுத்து எழுந்த தடை வலுவானது. தொல்காப்பிய வினையியல் பெயரெச்சத்துக்கு நிலம், பொருள், காலம், கருவி, வினைமுதல், வினை என ஆறு வகை முடிபுகளை (அது கொண்டு முடியும் பெயர்களை) சொல்கிறது; நிறுவுதலுக்கு ‘இயக்கம்’ இவற்றுள் எதுவும் ஆகாது. ‘இயங்குதளம்’ என்றால் அது நிறுவப்படும் பொருள், முடிபு நேராகிறது. ஆகவே ‘நிறுவா இயங்குதளம்’ என்று திருத்திக்கொள்கிறேன். (‘இயங்குதளம்’ பிழை, ‘இயக்குதளம்’ என்பதே சரி என்னும் பழைய விவாதத்தை இங்கே மீண்டும் எழுப்ப வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறேன். ஆடுகளத்தில் களம் ஆடுவதில்லை. செயலிகள் இயங்கும் தளம் இயங்குதளம்.)

இன்னொரு தடையை என்னால் முழுதாக விலக்க முடியவில்லை. உபுண்டு என்னும் லினக்ஸ் வகை 2006-இல் வெளியிட்ட 6.06 பதிப்பிலிருந்து, முயன்று பார்க்கும் அதே திரையிலிருந்து நிறுவவும் முடிகிறது. ‘நிறுவா இயங்குதளத்திலிருந்து நிறுவுக’ என்ற வரியைப் புதியவர் ஒருமுறைக்கு இருமுறை படிக்க நேரும். ஆயினும் இதுவரை எதுவும் நிறுவப்படவில்லை, வன்வட்டில் உள்ளவை அப்படியே இருக்கின்றன என்ற உறுதியை அச்சத்தோடு முதன்முறை முயல்பவருக்குப் பெயரே தரவேண்டும் என்று கருதுகிறேன். ‘வெள்ளோட்டம்’ அதைச் சொல்வதில்லை.

பெரும்பான்மை ‘வெள்ளோட்டம்’ பக்கம் இருப்பதை அறிவேன். எனவே கையேட்டின் மூன்றாம் இயலின் தலைப்பிலும் பட்டியல்களிலும் அதையே இடுகிறேன். கோப்பு மீட்பு பற்றிய ஏழாம் இயலில் ‘நிறுவா இயங்குதளம்’ என்றே எழுதியிருக்கிறேன். ஒரே நூலில் இரு சொற்கள் கூடாது என்போர் வியாழன் மாலைக்குள் காரணத்தோடு எழுதுங்கள்.