பைத்தானில் தமிழ் எழுத்துகளை எண்ண உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. பைத்தான் 3 நிரல்மொழியில் சின்னதாக ஒரு சொல் விளையாட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். 'தமிழ்' என்ற ஸ்ட்ரிங்கை (எழுத்துச் சரத்தை) நீளம் சொல்லும் லென் (len) ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் 5 என்கிறது. நம் கணக்கில் மூன்றுதானே! காரணம் புரிகிறது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஒவ்வொரு யூனிகோடு குறியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. ஸ்ட்ரிங்கைத் திருப்பிப் போட்டால் இன்னும் வேடிக்கை, இகரம் போய் ழ-வோடு ஒட்டிக்கொள்கிறது, புள்ளி அந்தரத்தில் நிற்கிறது.

பைத்தானுக்கான நிறுவும் கருவியான பிப் (pip) மூலம், எழுத்துக் கோலங்களைத் தேடும் ரெஜெக்ஸ் (regex) மாட்யூலை நிறுவி, குறிகளைச் சேர்த்து முழு எழுத்தாக எடுக்கும் \X (பேக்ஸ்லாஷும் பெரிய எக்ஸும்) போட்டுப் பிரித்துப் பார்த்தேன். 'தமிழ்' ஒழுங்காக மூன்றாக வருகிறது. ஆனால் 'பக்ஷி' என்று கொடுத்தால் ப, க், ஷி என்று உடைகிறது. எனக்கு க்ஷி ஒரே எழுத்தாக வேண்டும், ஸ்ரீயும் அப்படியே. இவற்றுக்கு மட்டும் தனி விதி எழுதிவிடலாமா, இல்லை தமிழ் எழுத்துகளைக் கையாளும் ஓப்பன் தமிழ் (Open-Tamil) லைப்ரரியே இதைப் பார்த்துக்கொள்ளுமா? பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம், டெர்மினலில், சொல்லுக்கு வலப்பக்கம் இடைவெளி நிரப்பும் எல்ஜஸ்ட் (ljust) போட்டு அச்சிட்டால் நெடுவரிசைகள் நேராக நிற்பதில்லை. அதற்கும் வழி தெரிந்தால் ஒரு சின்ன நிரல் மாதிரி போடுங்கள், போதும்.