மறு: ஐபி கேமராவுக்குத் தமிழில் என்ன பெயர்?

குழுவினருக்கு வணக்கம்.

சாட்ஸ்வொர்த்தில் நடக்கும் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்காக, வீட்டுக்குக் கேமரா வாங்கி மாட்டுவது பற்றி இரண்டு பக்கக் குறிப்பு எழுதுகிறேன். டர்பனில் கேமரா மாட்டுவதுதான் என் பிழைப்பு, அதனால் விஷயத்துக்குப் பஞ்சமில்லை. முதல் வரியில் வரும் ஐபி கேமராவுக்கு, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் இணையும் காவல் கேமராவுக்கு, தமிழ்ப் பெயர் வைப்பதில்தான் மாட்டிக்கொண்டேன்.

> பிணையக் கேமரா என்றே வைக்கலாமே, நெட்வொர்க்குக்குப் பிணையம் என்பது ஊன்றிவிட்டது.

ஊன்றிவிட்டது, சரிதான் அண்ணா. ஆனால் எங்கள் வகுப்புக்கு வருபவர்களில் இன்னும் சரளமாகத் தமிழ் பேசுகிற ஓர் ஆயாவிடம் சொல்லிப் பார்த்தேன். "என்ன தம்பி, வெள்ளிக்கிழமையும் அதுவுமா பொணம்கிற?" என்றார். அவர் காதில் அப்படித்தான் விழுந்தது. போதாததற்கு, கோர்ட்டில் ஜாமீனுக்குக் கொடுப்பதும் பிணையம்தான்.

> வலைக்கண்?

அழகான சொல். ஆனால் மீன்வலையின் துளைக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. மடிக்கணினியின் நெற்றியில் இருக்கும் வெப்கேமும் நினைவுக்கு வரும். 'காவற்கண்' என்றால் வேலை மட்டும் தெரியும். அந்த வேலையைப் பழைய கேமராவும் செய்ததே.

வேறுபாடு எங்கே என்று பார்ப்போம். பழைய அனலாக் கேமரா தடித்த கோஆக்ஸ் கேபிள் வழியாகச் சிக்னலை அனுப்பும். அதை எண்களாக்கிச் சேமிப்பது டிவிஆர் பெட்டியின் வேலை. புதியதில் கேமராவே ஒரு குட்டிக் கணினி. படத்தைத் தானே சுருக்கி, வீட்டு நெட்வொர்க்கில் தனக்கென ஒரு முகவரியோடு, அதாவது ஐபி முகவரியோடு, உட்கார்ந்திருக்கும். முகவரி இருப்பதால் உங்களால் போனில் பார்க்க முடிகிறது. அதே முகவரியால்தான் வெளியாள் வந்து தட்டவும் முடிகிறது. 2016இல் மிராய் என்ற தீநிரல் லட்சக்கணக்கான கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் பிடித்தது எப்படி? தொழிற்சாலையில் வைத்து அனுப்பிய கடவுச்சொற்கள் அறுபதுக்கு மேல் ஒரு பட்டியலாக அதனிடம் இருந்தன. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து நுழைந்தது, அவ்வளவுதான்.

ஆகவே என் பரிந்துரை: முகவரிக் கேமரா.

இதையும் ஆயாவிடம் சொன்னேன். "இதுக்குத் தனியா ஒரு முகவரி இருக்கு, ஆயா."

"அப்ப பூட்டு?"

எனக்கு வேண்டியது அந்தக் கேள்விதான். பெட்டியைப் பிரித்ததும் கடவுச்சொல்லை மாற்றுங்கள், கேமராவுக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள், வெளியிலிருந்து பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் ரவுட்டரில் இணையத்துக்கு வாசலான போர்ட்டைத் திறந்துவிடாதீர்கள் என்று நான் வீடு வீடாகச் சொல்வதையெல்லாம் இந்தப் பெயரே பாதி சொல்லிவிடுகிறது.

மற்ற சொற்களை விரைவாகப் பார்க்கலாம். ஐபி கேமராக்களின் படத்தைச் சேமிக்கும் என்விஆர் என்பதற்குப் 'பதிவுப்பெட்டி' போதும். குறிப்பில் கணக்கையும் போட்டிருக்கிறேன்: நொடிக்கு 4 மெகாபிட் அனுப்பும் கேமரா ஒரு நாளில் சுமார் 43 ஜிபி நிரப்பும். நான்கு கேமரா என்றால் 2 டிபி டிஸ்க் பதினோரு நாளைக்குத்தான் வரும், அப்புறம் பழையது அழியும். கேமரா ஒரு கம்பெனி, பெட்டி வேறு கம்பெனி என்றால் இரண்டிலும் ஆன்விஃப் (வெவ்வேறு கம்பெனிக் கருவிகள் ஒன்றோடொன்று பேச உதவும் பொது விதிமுறை) ஆதரவு உண்டா என்று பார்த்து வாங்க வேண்டும். ஆன்விஃபைத் தமிழாக்க வேண்டியதில்லை.

பிஓஇ, அதாவது நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் கொடுக்கும் முறை, கொஞ்சம் இழுக்கும். படமும் மின்சாரமும் ஒரே கேபிளில் போவதால் 'ஒருவட மின்' என்று எழுதியிருக்கிறேன். வடம் என்றால் தேர் நினைவு வருவது எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. 2022, 2023இல் தென்னாப்பிரிக்காவில் முறைவைத்து மின்சாரத்தை நிறுத்திய லோட்ஷெடிங்கில் நாம் பட்ட பாட்டுக்கு, இந்த ஒன்றைப் புரியவைத்தாலே குறிப்பு எழுதியதற்குப் பலன். ஒவ்வொரு கேமராவுக்கும் தனி அடாப்டர் என்றால் ஒவ்வொன்றுக்கும் பேட்டரி தேட வேண்டும். ஒருவட மின் என்றால் கேபிள் வழியே கேமராக்களுக்கு மின்சாரம் கொடுக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச், ரவுட்டர், பதிவுப்பெட்டி மூன்றையும் ஒரு யுபிஎஸ்ஸில் செருகிவிட்டால் எல்லாக் கேமராவும் விழித்திருக்கும். ஒரே நிபந்தனை, கேபிள் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது.

'பிளைண்ட் ஸ்பாட்'டுக்குக் 'குருட்டுப் புள்ளி' வேண்டாம். அது கண் மருத்துவருக்கு உரியது, நமக்கோ கேமராவில் விழாத, கார் நிற்கும் மூலை. 'கண்படா மூலை' எப்படி? திருஷ்டி கழிக்க அங்கே போய் நிற்கலாம் என்று யாரும் கிளம்பாமல் இருந்தால் சரி.

டர்பனிலிருந்து

---

> முகவரிக் கேமரா

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஓர் ஆட்சேபம், தம்பி. 'முக' என்று தொடங்கியதுமே முகத்தை அடையாளம் காணும் கேமரா என்று நினைப்பார்கள். என் மருமகள் அப்படித்தான் நினைத்தாள். கடையில் அந்த வசதிக்குக் கூடுதல் காசு கேட்கிறார்கள் என்பதையும் மறக்காதே. வலைக்கண்ணுக்கே என் ஓட்டு.

---

அண்ணா, நியாயமான பேச்சு. அந்த வசதியை 'முகமறிதல்' என்று தனியாக எழுதி, முதல் முறை வரும் இடத்தில் மட்டும் 'முகவரிக் கேமரா, அதாவது ஐபி கேமரா' என்று போட்டுவிடுகிறேன். கடைக்காரரிடம் ஐபி கேமரா என்றுதானே கேட்கப் போகிறார்கள்.

இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. போன வாரம் ஒரு வீட்டில் ராத்திரி முழுக்க எச்சரிக்கை வந்துகொண்டே இருந்ததாம். போய்ப் பார்த்தால் லென்சின் குறுக்கே சிலந்தி ஒரே ஓர் இழை கட்டியிருக்கிறது. அகச்சிவப்பு விளக்கில் அந்த இழை வெள்ளைக் கயிறு மாதிரி பளிச்சென்று ஆடுகிறது. துடைப்பத்தால் தட்டிவிட்டு வந்தேன், மூன்றாம் நாள் திரும்பக் கட்டிவிட்டது. இந்த மாதிரி வெற்று எச்சரிக்கைக்கு 'பொய்யலாரம்' என்று எழுதினால் இலக்கணக்காரர்கள் அடிப்பார்களா? 'வீண்மணி' என்றும் ஒன்று வைத்திருக்கிறேன். வெள்ளிக்குள் சொன்னால் அச்சுக்குக் கொடுத்துவிடுவேன்.